மாலைய கழட்டின அன்னைக்கு என்ன ஆச்சு தம்பி?

வந்த லெட்டர் இது, கொஞ்சம் சுருக்கிருக்கேன்:

"அக்கா, எனக்கு 36 வயசு. பாம்பன் பக்கம். விசைப்படகுல போறேன். 15 வருசத்துக்கு மேல குடி. போன மாசம் மதுரைல ஒரு சென்டர்ல சேத்துவிட்டாங்க, 21 நாள் இருந்தேன், வெளிய வந்து இன்னையோட 19 நாள், தொடல. அங்க வாரம் ஒருதடவ ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், பேர வெளிய சொல்லாம குடிய விட்டவுக கூடிப் பேசுற அமைப்பு) ஆளுக வந்து பேசுவாங்க, கேக்க நல்லா இருந்துச்சு. கிளம்பும்போது உங்க ஊர்ப்பக்கம் மீட்டிங் போங்கன்னு சொன்னாங்க. எங்க நடக்குதுன்னு தெரியல. தெரிஞ்சாலும் யோசனையா இருக்கு. ஊருக்குத் தெரிஞ்சா அசிங்கம், தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம். சர்ச்சுலதான் நடக்கும்ங்கிறாங்க, நாங்க இந்து. கடலுக்குப் போற ஆளு வாராவாரம் எப்படிப் போறது. நாலு பேர் முன்னாடி பேச வராது. மூணு வருசம் ஐயப்பனுக்கு மாலை போட்டேன், 48 நாளும் வாசம்கூட படல, கழட்டின அன்னைக்கே ஆரம்பிச்சுட்டேன். இப்ப மாத்திரை சாப்பிடுறேன், அது மட்டும் போதாதா?"

தம்பி, 19 நாள்னு எழுதிருக்கீங்க, நீங்க இத படிக்கிறப்ப 25 தாண்டிருக்கும்னு வச்சுக்கிறேன். ஒருவேளை நடுவுல தடுக்கி விழுந்துருந்தாலும் மூடி வச்சுறாதீங்க, அதுக்கும் சேத்துத்தான் எழுதுறேன்.

எங்க நடக்குதுன்னு ஒரு வரி கேட்டுருக்கீங்க, ஏன் போக முடியாதுன்னு அஞ்சு வரி எழுதிருக்கீங்க. பரவால்ல, எங்கிட்ட வர்றவுக பாதிப்பேரு இப்படித்தான் வருவாக. ஆனா அந்த மாலை விசயத்த போற போக்குல சொல்லிட்டுப் போய்ட்டீங்க பாருங்க, எனக்கு உங்க லெட்டர்லயே அதுதான் பெருசா பட்டுச்சு, அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்த 48 நாள் எப்படி முடிஞ்சுச்சு? சாமி குத்தம் ஆயிரும்ங்கிற பயம்னு சொல்வீங்க. இருக்கலாம், ஆனா பயம் மட்டும் போதும்னா நம்ம ஜில்லாவுல குடியே இருக்கக் கூடாது. கோயில்ல சத்தியம் பண்ணி கயிறு கட்டுனவுக, மாதா முன்னாடி முழங்கால் போட்டு சொன்னவுக, ஏர்வாடி தர்காவுல போய் தங்கிட்டு வந்தவுக, பிள்ளை தலைல அடிச்சு சத்தியம் பண்ணவுக, அம்புட்டு பேரையும் பாத்துருக்கேன். அவுக பயமும் நிஜமான பயம்தான், அழுகையும் நிஜமான அழுகைதான். பத்து நாள்ல, ஒரு மாசத்துல மறுபடி வந்துருவாக. ஏன்னா சத்தியம் பண்ணிட்டு தனியா வீட்டுக்குப் போனாக.

மாலைல நீங்க தனியா இல்ல. விடியக்காலம் பச்சத்தண்ணில குளிக்கிறப்ப பக்கத்துல இன்னும் நாலு சாமி நிப்பாக. சாயங்காலம் கடை வாசல்ல நிக்கிற நேரத்துல யார் வீட்லயாவது பஜனை. மனசு தடுமாறுனா கேக்குறதுக்கு ஒரு குருசாமி, அவரு பதினெட்டு வருசம் மலைக்குப் போனவரு, உங்க சேட்டை பூராம் அவருக்கு அத்துப்படி. கருப்பு வேட்டிய பாத்ததும் கட்டிங் போட கூப்புடுற அதே மச்சான் "சாமி சரணம்"னு ஒதுங்கிப் போறான், ஏன் குடிக்கலன்னு ஒருத்தனும் நக்கல் பண்ணல, ஊரே சாமின்னு கூப்புடுது. பதினஞ்சு வருசமா "குடிகாரப்பய"ன்னு கேட்ட காதுக்கு அது சும்மாவா?

கழட்டின அன்னைக்கு என்ன ஆச்சு? வேட்டி போச்சு, பஜனை போச்சு, குருசாமி அவரு பொழப்பப் பாக்கப் போய்ட்டாரு, நாலு சாமியும் அவுகவுக வீட்டுக்குப் போய்ட்டாக, மச்சான் திரும்பி வந்துட்டான். எல்லாம் ஒரே நாள்ல. குடிக்கணும்ங்கிற ஆசை மட்டும் எங்கயும் போகல, அது 48 நாளும் மூலைல உக்காந்து நாள் எண்ணிக்கிட்டு இருந்துச்சு. மலை இறங்கி வர்ற வேன்லயே ஆரம்பிச்ச கதையெல்லாம் கேட்டுருக்கேன்.

மீட்டிங்னா என்னன்னு எங்கிட்ட கேக்குற கடக்கரை ஆளுகளுக்கு நான் இப்படித்தான் சொல்றது: மாலைல உங்கள புடிச்சு நிறுத்துனது எதெதுவோ அது பூராம் இங்கயும் இருக்கு, ஆனா கழட்டுற தேதி கிடையாது. 48 நாள்னு இங்க கணக்கு வைக்க மாட்டாக, இன்னைக்கு ஒருநாள் குடிக்காம இருப்போம்னு மட்டுந்தான் பேச்சு. குருசாமிக்கு இங்க ஸ்பான்சர்னு பேரு. படத்துக்கு பணம் போடுற ஸ்பான்சர் இல்ல, உங்களுக்கு முன்னாடி குடிய விட்ட ஒரு ஆளு, ராத்திரி பதினோரு மணிக்கும் போன எடுக்குற ஆளு.

இப்ப, எங்க நடக்குதுன்னு கேட்டதுக்கு வர்றேன். மொத வேலையா மதுரை சென்டருக்கே போன் போடுங்க. அங்க வந்து பேசுனாங்கன்னு சொன்னீங்கல்ல, அந்த ஏஏ ஆளுக நம்பர் ஒண்ணு வாங்கித் தரச் சொல்லுங்க. அவுககிட்ட "நான் பாம்பன், எனக்குப் பக்கத்துல எது"ன்னு கேட்டா போதும், ராமநாதபுரம், பரமக்குடி, மதுரைன்னு எந்தக் கிழமை எங்க நடக்குது, யாரு சாவி வச்சுருக்காரு வரைக்கும் அவுகளுக்குத் தெரியும், தெரியாட்டி இன்னொருத்தர கேட்டு சொல்வாக. இந்தச் சங்கிலிய விட நல்ல வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஏஏ இந்தியா வெப்சைட்லயும் ஊர் ஊரா தேடிப் பாக்கலாம், அவுக தலைமை ஆபீஸ் மும்பைல இருக்கு. அது இல்லாம ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுல கேக்கலாம், அரசாங்கத்தோட போதை மீட்பு ஹெல்ப்லைன் 14446, மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416, ரெண்டும் காசில்லாத நம்பர், ரெண்டாவதுல தமிழ்லயே ராத்திரி பகலா பேசுவாங்க. ஆனா ஹெல்ப்லைன்ல பேசுறது வேற, மீட்டிங் வேற, இத குழப்பிக்காதீங்க.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா. போறதுக்கு முன்னாடி போன் பண்ணி "இந்த வாரம் நடக்குதா, அதே எடமா"ன்னு கேட்டுட்டு போங்க. சின்ன ஊர்ல குரூப்புக எடம் மாறும், ஸ்கூல் பரீச்சைன்னா ரூம் கிடைக்காது, நேரம் மாறும். இது எனக்கு எப்படித் தெரியும்னா, வேலைக்கு சேந்த புதுசுல ஒரு அண்ணனுக்கு பழைய அட்ரஸ குடுத்து அனுப்பி விட்டுட்டேன். அவரு முப்பது கிலோமீட்டர் பஸ்ல போயி பூட்டுன கேட்டு முன்னாடி அரைமணி நேரம் நின்னுருக்காரு, அங்க இருந்து நேரா கடைக்குப் போய்ட்டாரு. மறுபடி அவர ஒரு மீட்டிங்ல உக்கார வைக்க ஒண்ணரை வருசம் ஆச்சு. தப்பு என்னோடது. அதுல இருந்து நான் நம்பர் குடுக்காம அட்ரஸ் மட்டும் யாருக்கும் குடுக்குறதில்ல.

நேர்ல போக முடியாத வாரத்துக்கு ஆன்லைன் மீட்டிங் இருக்கு, கொரோனா காலத்துல ஆரம்பிச்சது அப்படியே நிலைச்சுருச்சு, தமிழ்லயும் நடக்குது. கேமராவ ஆஃப் பண்ணிட்டு கேட்டுக்கிட்டு இருக்கலாம். ஆனா இதையே மொத வழியா வச்சுக்காதீங்கன்னுதான் சொல்வேன். போன்ல இருந்து வெளிய வர ஒரு விரல் போதும், ஒரு ரூம்ல இருந்து எந்திரிச்சு வெளிய வரணும்னா நாலு பேரு மூஞ்சியப் பாக்கணும். அந்த நாலு மூஞ்சி உங்களுக்கு வேணும்.

உள்ள போனா என்ன நடக்கும்? ஒண்ணும் நடக்காது, அதான் பலபேருக்கு ஏமாத்தம். ஒரு ரூம், வட்டமாவோ வரிசையாவோ சேரு, டீ இருக்கும், பிஸ்கட் இருக்கும், எட்டுப் பேரும் இருக்கலாம் இருபது பேரும் இருக்கலாம். ஒரு நிமிசம் அமைதி, சின்னதா ஒரு பிரார்த்தனை, அவுக புஸ்தகத்துல இருந்து கொஞ்சம் வாசிப்பாக. அப்பறம் ஒவ்வொருத்தரா பேசுவாக, "என் பேரு இன்னது, நான் ஒரு குடிநோயாளி"ன்னு ஆரம்பிச்சு அவுக கதைய அவுக சொல்வாக, நடுவுல யாரும் குறுக்க பேச மாட்டாக, புத்திமதி சொல்ல மாட்டாக. ஒரு மணி, ஒண்ணரை மணி நேரம். முடிஞ்சுரும். ரிஜிஸ்டர்ல கையெழுத்து கிடையாது, ஆதார் கார்டு கிடையாது, ஃபீஸ் கிடையாது. கடைசில ஒரு டப்பா சுத்தி வரும், டீக்கும் வாடகைக்கும் அவுகளே போட்டுக்கிறது, வெளியாள்கிட்ட நன்கொடை வாங்கக் கூடாதுன்னு அவுக கட்டுப்பாடு, புதுசா வர்றவுக போடணும்னு இல்ல. உறுப்பினராக ஒரே தகுதிதான், குடிய விடணும்ங்கிற ஆசை. விட்டுருக்கணும்னுகூட இல்ல, ஆசை இருந்தா போதும்.

பேச வராதுன்னீங்க. பேச வேணாம். "என் பேரு இது, இன்னைக்கு கேக்க வந்தேன்"னு சொன்னா போதும், அதுகூட வாயில வரலேன்னா பக்கத்து ஆள பாத்து தலைய ஆட்டுங்க, அவுக அடுத்த ஆளுக்குப் போய்ருவாக. நான் குடிநோயாளி இல்ல, அதனால வெளியாளுகள விடுற ஓப்பன் மீட்டிங்ல மட்டுந்தான் உக்காந்துருக்கேன் (க்ளோஸ்டுன்னு சொல்ற மீட்டிங் குடிநோயாளிகளுக்கு மட்டும், என்னைய மாதிரி ஆளுகளுக்கு அங்க வேலை இல்ல). அஞ்சாறு மாசம் வாயே திறக்காத ஒருத்தரு ஒருநாள் பேச ஆரம்பிச்சு நிறுத்த முடியாம போனத பாத்துருக்கேன். உங்களுக்கும் வரும், வராட்டியும் குத்தமில்ல, இது பட்டிமன்றம் இல்ல.

இது எப்படி ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சா அந்த ரூம் ஏன் அப்படி இருக்குன்னு புரியும். 1935, அமெரிக்காவுல ஆக்ரன்னு ஒரு ஊரு. பில் வில்சன்னு ஒரு ஷேர் மார்க்கெட் ஆளு, குடிய விட்டு அஞ்சாறு மாசம் ஆச்சு, வேலை விசயமா அந்த ஊருக்கு வந்து அதுவும் புட்டுக்கிச்சு, ஹோட்டல் வராண்டால நிக்கிறாரு, ஒருபக்கம் பார், உள்ள இருந்து சிரிப்புச் சத்தம், இன்னொருபக்கம் போன். அவரு போன எடுத்து ஊர்ல இருக்கிற சர்ச்சுக்கெல்லாம் வரிசையா போன் போடுறாரு. குடிய எப்படி விடுறதுன்னு கேக்கல. "இந்த ஊர்ல இன்னொரு குடிகாரர் இருந்தா சொல்லுங்க, நான் அவர்கிட்ட பேசணும்"னு கேக்குறாரு. அப்படி கிடைச்சவருதான் டாக்டர் பாப் ஸ்மித், ஆபரேசன் பண்ற டாக்டரு, கை நடுங்குற டாக்டரு. கால்மணி நேரந்தான்னு சொல்லி வந்தவரு மணிக்கணக்கா உக்காந்து பேசிருக்காரு. அதுக்கப்பறமும் அந்த டாக்டரு ஒரு மாநாட்டுக்குப் போன எடத்துல குடிச்சுட்டாரு, தெரியுமா. திரும்பி வந்து ஜூன் 10 அன்னைக்கு விட்டதுதான் கடைசி, அந்த நாளைத்தான் ஏஏ பொறந்த நாளா கொண்டாடுறாக. நம்ம நாட்டுக்கு 1957ல டெல்லி வழியா வந்துச்சு. நான் சொல்ல வர்றது, அந்த ஹோட்டல்ல நின்னவரு அடுத்தவர திருத்துறதுக்கு போன் போடல, தான் குடிக்காம இருக்குறதுக்குப் போட்டாரு. நீங்க போய் உக்காந்தா உங்களுக்கு மட்டும் நல்லதுன்னு நினைக்காதீங்க, பத்து வருசமா குடிக்காம இருக்கிற ஒரு ஆளுக்கு உங்க 19 நாள் தேவை.

அடுத்து ஊரு. இதுல உங்கள சமாதானப்படுத்த பொய் சொல்ல மாட்டேன். உள்ள கேட்டத வெளிய சொல்லக் கூடாதுங்கிறது அவுக வழக்கம், பேர வெளிய விடாததுதான் அந்த அமைப்போட பேரே. ஆனா அது கட்டுப்பாடு, சட்டம் இல்ல, பாம்பன் மாதிரி ஊர்ல யாராவது ஒருத்தரு வாய் தவறலாம். அதனால பக்கத்துலயே ஒண்ணு இருந்தாலும் மொத ரெண்டு மூணு மாசம் ராமநாதபுரத்துக்கோ அதுக்கு அங்கிட்டோ போங்க, தப்பில்ல, நிறையப்பேரு அப்படித்தான் ஆரம்பிக்கிறாக. தொண்டிப் பக்கம் இருந்து ஒருத்தரு யார் கண்லயும் படக் கூடாதுன்னு ரெண்டு பஸ் மாறி வேற ஊரு மீட்டிங்குக்குப் போனாரு. உள்ள போய் உக்காந்து நிமிந்து பாத்தா எதிர்ல அவரு தெரு பலசரக்குக் கடை முதலாளி, இவரு அந்தக் கடைல நாலாயிரம் ரூபா பாக்கி வேற வச்சுருந்தாரு! ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டு எந்திரிச்சு ஓடவும் முடியாம உக்காரவும் முடியாம. இப்ப ரெண்டு பேரும் ஒரே பைக்ல போறாக. பாக்கி அடைஞ்சுச்சான்னு நான் கேக்கல.

தங்கச்சி கல்யாண விசயம், அது பாரமான கவலைதான், லேசா சொல்லிட்டுப் போக மாட்டேன். ஆனா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க விசாரிக்க வர்றப்ப படகு நிக்கிற ஜெட்டிப் பாலத்துல நிக்கிற ஆளுககிட்டயும் டீக்கடைலயும் கேப்பாக, "பொண்ணோட அண்ணன் எப்படி"ன்னு. நீங்க மீட்டிங் போறது அந்த டீக்கடைக்குத் தெரியுமோ தெரியாதோ, பதினஞ்சு வருசம் குடிச்சது தெரியும். அத அழிக்க வழி கிடையாது. "இப்ப ரெண்டு மூணு மாசமா ஆளையே கடைப்பக்கம் காணோம்"னு யாராவது சேத்துச் சொன்னா அது உங்க தங்கச்சிக்கு உதவும், இல்லையா?

சர்ச்சு பத்தி கேட்டீங்க. சர்ச்சு ஹால்ல நடக்குறது உண்மைதான், ஏன்னா சாயங்காலம் சும்மா கிடக்குற, கம்மி வாடகைக்குக் கிடைக்கிற ரூம் நம்ம ஊர்கள்ல சர்ச்சுப் பங்குலயும் ஸ்கூல்லயும்தான் இருக்கு. ரூம் அவுகளது, மீட்டிங் இவுகளது, சம்பந்தம் இல்ல. கடவுள்ங்கிற வார்த்தை வரும், அத நான் மறைக்கல, குடிய விடுறதுக்கு பன்னெண்டு படின்னு அவுக சொல்றதுல பல எடத்துல வருது, ஆனா "அவரவர் புரிஞ்சுக்கிட்டபடி"ன்னு சேத்துத்தான் வருது. தொழுதுட்டு வந்து உக்கார்றவரும் இருக்காரு, எனக்கு இந்த ரூம்ல இருக்கிற ஆளுகதான் பெரிய சக்தின்னு சொல்ற சாமியே கும்புடாத ஆளும் இருக்காரு. நீங்க ஐயப்பன வச்சுக்கோங்க, அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு.

கடலு. இதத்தான் சென்டர்ல யாரும் உங்களுக்குச் சொல்லிக் குடுத்துருக்க மாட்டாங்க, மதுரைல இருக்கிறவுகளுக்கு தெரியாது. ஆபீஸ் போறவனுக்கு சாயங்காலம் ஆபத்து, உங்களுக்கு கரை ஏறுற நேரம் ஆபத்து. ஏஏல ஒரு கணக்கு சொல்வாக, பசி, கோவம், தனிமை, அசதி, இந்த நாலுல ஒண்ணு வந்தாலே உசாரா இருன்னு. ராத்திரி பூராம் மடி (இழுவலை) இழுத்துட்டு, தூக்கமில்லாம, உப்புத்தண்ணில ஊறி, வெறும் வயித்தோட வந்து ஜெட்டில இறங்குறீங்க, இறாலுக்கு வெலை இல்லேன்னு ஏவாரி சொல்லிருப்பாரு, இல்ல அங்கிட்டு நேவிக்காரன் விரட்டி வலை போயிருக்கும், நாலும் ஒண்ணா வந்து நிக்கும், அந்த நேரத்துல பாத்து கைல பங்குக் காசு. கடை பன்னெண்டு மணிக்குத்தான் திறக்கும்னு பேரு, அதுக்கு முன்னாடி பிளாக்ல எங்க கிடைக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. பங்கு பிரிக்கிறதே அந்தக் கூட்டத்தோட உக்காந்துதான்.

அதனால கரை ஏறுனதும் மொத வேலை சாப்பாடு. ஜெட்டி பக்கத்துலயே நாலு இட்லி, வீடு வரைக்கும் காத்துருக்க வேணாம். காச வீட்டுக்காரம்மா அக்கவுண்டுக்கு ஜிபேல போடச் சொல்லி படகு ஓனர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, வெக்கமா இருந்தா "லோன் கட்டணும்"னு சொல்லிக்கோங்க. ரெண்டாவது, சிக்னல் கிடைச்சதும் ஸ்பான்சருக்கு ஒரு மிஸ்டு காலாச்சும். நம்ம பக்கம் விசைப்படகு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போகுது, வாரத்துல மூணு நாலு நாள் கரைலதான் இருப்பீங்க, அதுல ஒருநாள் மீட்டிங் நாளோட ஒத்துப்போகாதா? போகலேன்னா அந்த வாரம் ஆன்லைன். தங்கு கடலுக்குப் போற படகுல மட்டும் இந்த வருசம் ஏறாதீங்க, நாலஞ்சு நாள் யாரோடயும் பேச முடியாம, படகுக்குள்ளயே பாட்டில் இருக்கிற எடத்துல, உங்களுக்கு இது நேரமில்ல.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம் வரும்ல, அந்த 61 நாள பத்தி இப்பவே யோசிங்க. குடிய விட்ட கடல் ஆளுக மறுபடி விழுகிறது எங்கிட்ட வர்ற கணக்குல தடைக்காலத்துலதான் அதிகம், வேலை இல்ல, படகு கரைல நிக்குது, மரத்தடில சீட்டு, நிவாரணம் 8000 ரூபா அக்கவுண்டுல விழுந்த அன்னைக்கு கடை வாசல்ல கூட்டம். ஆனா அதே 61 நாள் மாதிரி வசதியும் உங்களுக்குக் கிடைக்காது. புதுசா வர்றவுகளுக்கு தொண்ணூறு நாள்ல தொண்ணூறு மீட்டிங் போன்னு ஏஏல ஒரு பேச்சு உண்டு, சட்டமெல்லாம் இல்ல, நம்ம கரைல அம்புட்டு மீட்டிங்குக்கு எங்க போறது, ஆனா தடைக்காலத்துல வாரம் ரெண்டு நேர்ல, மிச்ச நாள் ஆன்லைன்னு வச்சா நாளுக்கு ஒண்ணுன்னு அறுபது ஆயிரும். வலை கட்டிக்கிட்டே காதுல ஹெட்போன் மாட்டி கேக்குறவுக இருக்காக.

மாத்திரை போதாதான்னு கேட்டுருக்கீங்க. நான் டாக்டர் இல்ல, மனநல சமூகப் பணியாளர், அதனால எந்த மாத்திரைய கூட்டணும் குறைக்கணும்னு நான் சொல்லக் கூடாது. இது அது ரெண்டும் எதிரி இல்லன்னு மட்டும் சொல்றேன். மாத்திரை உடம்பு கேக்குறத குறைக்கும், மச்சான் கூப்புடுறத குறைக்காது. 2020ல மருத்துவ ஆய்வுகள ஒண்ணா சேத்து அலசுற காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகள, பத்தாயிரம் பேருக்கு மேல, ஒண்ணா வச்சுப் பாத்தாங்க, ஏஏ வழியா போனவுக, அதுல சேத்துவிடுற சிகிச்சைல இருந்தவுக, வேற கவுன்சிலிங் முறைல இருந்தவுகள விட ஒரேயடியா குடிக்காம நீடிக்கிறது கூடுதல்னு வந்துச்சு. எல்லாருக்கும் ஒத்துவரும்னு அதுக்கு அர்த்தம் இல்ல. அதே மாதிரி மீட்டிங்ல எவராவது "மாத்திரையும் ஒரு போதைதான், விட்டுரு"ன்னு சொன்னா காதுல வாங்காதீங்க. மருந்து டாக்டர் விசயம்னுதான் ஏஏவும் சொல்லுது, அது அந்த ஆளோட சொந்தக் கருத்து.

உங்க மாத்திரைல டிசல்ஃபிராம் இருக்கான்னு சீட்டப் பாருங்க. இருந்தா, அத போட்டுக்கிட்டு குடிச்சா மூஞ்சி செவந்து, வாந்தி, நெஞ்சு படபடப்பு, பிரசர் இறங்கி உசுருக்கே ஆபத்தாகும், மாத்திரைய நிறுத்தி ரெண்டு வாரம் வரைக்கும்கூட அந்த வேகம் உடம்புல இருக்கும், "நேத்தோட நிறுத்திட்டேன், இன்னைக்கு ஒரு கட்டிங்"ங்கிற கணக்கு வேணாம். இருமல் சிரப்புலகூட ஆல்கஹால் இருக்கலாம், மருந்துக்கடைல கேட்டு வாங்குங்க. பஸ்ல ஒட்டிருக்கும் பாருங்க, "குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்"னு பொடி விளம்பரம், அத உங்க வீட்ல யாரும் வாங்கிறாம பாத்துக்கோங்க, அதுல என்ன கலந்துருக்குன்னு வாங்குறவுகளுக்கும் தெரியாது.

அப்பறம் தடுக்கி விழுந்தா. விழுந்து, நாலஞ்சு நாள் தொடர்ந்து குடிச்சுட்டு, ரோசம் வந்து திடீர்னு நிறுத்திட்டு "வேலைக்குப் போனா சரியாயிரும்"னு படகுல ஏறுறது இருக்கே, அத மட்டும் செய்யாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். கடைசியா குடிச்சு ஆறு எட்டு மணி நேரத்துல கை நடுக்கம் ஆரம்பிக்கும், மொத ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டாம் நாள்ல இருந்து நாலாம் நாளைக்குள்ள ஜன்னி மாதிரி, இல்லாத ஆளு கண்ணுக்குத் தெரியிறது, யாரோ கூப்புடுற மாதிரி கேக்குறது. கரைல இருந்தா 108 வரும். நடுக்கடல்ல படகு ஓரத்துல நிக்கிற ஆளுக்கு வலிப்பு வந்தா? அதனால நேரா பெரியாஸ்பத்திரி, ஊசி மாத்திரை போட்டு பாத்துக்குவாங்க. அதுல இருந்து எந்திரிச்சு வெக்கப்படாம மறுபடி மீட்டிங். விழுந்தவன அங்க யாரும் கணக்குல குறைக்க மாட்டாக, டாக்டர் பாப் கதைய மறந்துறாதீங்க. லேசா போட்டுட்டுகூட போய் உக்காரலாம், அன்னைக்குப் பேசாம கேட்டுட்டு மட்டும் வரணும், அம்புட்டுதான்.

வீட்டுக்காரம்மா பத்தி நீங்க ஒரு வார்த்தையும் எழுதல. பாசி எடுக்கப் போறாங்களோ கருவாடு காயப்போடுறாங்களோ, பதினஞ்சு வருசம் ராத்திரில கதவுச் சத்தத்துக்கு காத முழிச்சு வச்சுருந்த ஆளு அவுக. குடும்பத்து ஆளுகளுக்குன்னே தனியா அல்-அனான்னு ஒண்ணு 1951ல இருந்து இருக்கு, உங்களுக்கு ஏஏ நம்பர் குடுக்குறவுககிட்டயே இதையும் கேளுங்க. கேட்டு அவுக கைல குடுத்துருங்க, போறதும் போகாததும் அவுக இஷ்டம்.

ஒரு மீட்டிங் போய்ட்டு புடிக்கலேன்னு விட்டுறாதீங்க. ஒவ்வொரு குரூப்பும் ஒரு மாதிரி இருக்கும், சிலதுல ஒரே பெருசு அரைமணி நேரம் பேசி அறுப்பாரு, சிலதுல சிரிச்சே வயிறு வலிக்கும். அஞ்சாறு தடவ, முடிஞ்சா ரெண்டு வேற ஊர்ல, போய்ட்டு அப்பறம் எனக்கு எழுதுங்க. ஒரு வருசம் ஆனதும் பாம்பன்லயே ஒண்ணு ஆரம்பிக்கலாமான்னுகூட உங்களுக்குத் தோணும், ரெண்டு பேரும் ஒரு டீக்கேனும் இருந்தா ஒரு குரூப்பு. அது அப்பறம் பாத்துக்கலாம்.

இப்பதைக்கு மதுரைக்கு போன போடுங்க. ராமநாதபுரத்துல மீட்டிங் முடிய எட்டு எட்டரை ஆனா ராமேஸ்வரம் பஸ்ஸு எத்தன மணிக்கு இருக்குன்னு முன்னாடியே விசாரிச்சு வச்சுக்கோங்க, ஸ்டாண்டுல தனியா அரைமணி நேரம் நிக்கிற மாதிரி வேணாம், சுத்தி என்ன இருக்கும்னு உங்களுக்கே தெரியும். மீட்டிங்ல "என்னைய யாராவது பஸ் ஏத்தி விடுறீங்களா"ன்னு கேளுங்க. பைக் வச்சுருக்க ஆளு யாராவது இருப்பாரு, பஸ் கிளம்புற வரைக்கும் கூட நிப்பாரு.